ஒற்றைத் துகளுக்கு ஈரம் கிடையாது

பள்ளி அறிவியல் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் வரைந்திருப்பார்கள். முதல் கட்டத்தில் உருண்டைகள் வரிசையாக ஒட்டி நிற்கும். இரண்டாவதில் கொஞ்சம் கலைந்து கிடக்கும். மூன்றாவதில் நாலைந்து உருண்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். கீழே திண்மம், திரவம், வாயு என்று எழுதியிருக்கும். பரீட்சைக்கு அது போதும். பொருள்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று புரிந்துகொள்ள அது போதவே போதாது. அந்தப் படத்தில் உருண்டைகள் நின்றுகொண்டிருக்கின்றன. நிஜத்தில் அவற்றில் ஒன்றுகூட ஒரு கணமும் நிற்பதில்லை. துகள் கொள்கையின் உயிரே அந்த அசைவில்தான் இருக்கிறது.

கொள்கையைச் சொல்ல நாலு வாக்கியம் போதும். எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்களால் ஆனது. துகள்களுக்கு நடுவே இருப்பது வெற்றிடம். அங்கே காற்றுகூடக் கிடையாது. துகள்கள் ஓயாமல் அசைகின்றன, சூடு ஏற ஏற அசைவு வேகமெடுக்கிறது. பக்கத்தில் இருக்கும் துகள்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. அளவுக்கு மீறி நெருங்கினால் தள்ளிவிடுகின்றன. துகள் என்று இங்கே சொல்வது இரும்பில் அணு, தண்ணீரில் மூலக்கூறு, உப்பில் அயனி. பெயர் எதுவாக இருந்தாலும் இழுப்பும் ஓட்டமும் எல்லாவற்றுக்கும் பொது.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பொருளுக்கு உள்ள குணங்கள் எல்லாம் துகளுக்கும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். செம்பு சூட்டில் விரிகிறது, ஆகவே செம்பு அணுவும் விரிகிறது. மெழுகு உருகுகிறது, ஆகவே மெழுகு மூலக்கூறும் உருகுகிறது. தண்ணீர் ஈரமானது, ஆகவே தண்ணீர் மூலக்கூறும் ஈரமானது என்று போகிறது அந்த நினைப்பு. மூன்றும் தவறு. ஒற்றைத் துகளுக்கு ஈரம் கிடையாது, கெட்டித்தன்மை கிடையாது, உருகுநிலை கிடையாது, வெப்பநிலைகூடக் கிடையாது. இவையெல்லாம் கோடிக்கணக்கான துகள்கள் சேர்ந்து ஓடும்போதும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்போதும் பிறக்கிற குணங்கள். ஒரே ஆளை வைத்துக்கொண்டு கூட்ட நெரிசல் என்று பேச முடியாது அல்லவா, அது மாதிரி.

ஒரு பொருள் எந்த நிலையில் இருக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: துகள்களுக்கு இடையே உள்ள பிடிப்பு, அவற்றின் ஓட்டம். பிடிப்பு ஓங்கியிருந்தால் துகள்கள் தத்தம் இடத்தில் நின்று அதிர மட்டுமே முடியும், அது திண்மம். பிடிப்பு இருந்தும் இடத்தைவிட்டு நழுவ முடிகிற அளவுக்கு ஓட்டம் இருந்தால் திரவம். ஓட்டம் பிடிப்பை முழுக்க வென்றுவிட்டால் வாயு.

புத்தகப் படத்தில் இன்னொரு தவறும் உண்டு. திரவத்தில் உருண்டைகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விட்டிருப்பார்கள். உண்மையில் திரவத்திலும் துகள்கள் ஏறக்குறைய தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன; பெரும்பாலான பொருள்கள் உருகும்போது கன அளவு சில சதவீதம்தான் கூடுகிறது. பெரிய தாவல் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையில்தான். 1 கிலோ தண்ணீரின் கன அளவு சுமார் 1 லிட்டர். அது முழுவதும் 100 டிகிரி செல்சியஸ் நீராவியானால் சுமார் 1,670 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். துகள்களின் எண்ணிக்கை அதேதான், அளவும் அதேதான். அவற்றின் நடுவே உள்ள தூரம் மட்டும் ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 12 மடங்காகிவிட்டது. அப்படியானால் நீராவியில் பெரும்பகுதி வெறும் வெற்றிடம். நாம் மூச்சில் இழுக்கும் காற்றும் அப்படித்தான்.

அழுத்தம் என்பது அடிகளின் மழை

பெரும்பகுதி வெற்றிடமாக இருக்கும் காற்று எப்படி ஒரு டயரை விறைப்பாக வைத்திருக்கிறது? இதற்குச் சரியான பதிலை 1738-லேயே டேனியல் பெர்னூலி சொல்லிவிட்டார். வாயுத் துகள்கள் பாத்திரத்தின் சுவரில் மோதி மோதித் திரும்புகின்றன. அந்த மோதல்களின் மொத்த விளைவுதான் அழுத்தம். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. சுவரில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அதன்மேல் ஒரு விநாடியில் விழும் அடிகளின் எண்ணிக்கையை எழுத 3-க்குப் பின்னால் 23 சுழியங்கள் போட வேண்டும். ஒவ்வோர் அடியும் அற்பமானது. எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருப்பதால் தனித்தனி அடிகள் தெரியாமல், அந்த ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 கிலோ எடையை வைத்து அழுத்துவது போன்ற சீரான விசையாக நமக்குத் தெரிகிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் வாயு விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அமுக்கிப் பாருங்கள். இடம் பாதியானால் அதே துகள்கள் இரு மடங்கு அடிக்கடி சுவரைத் தொடும். அழுத்தம் இரு மடங்காகும். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதுதான். சிரிஞ்சில் காற்றுக்குப் பதில் தண்ணீரை நிரப்பினால் தண்டு அசையாது. அங்கே நெருக்குவதற்கு இடைவெளி இல்லை.

அப்புறம் ஒன்று. உறிஞ்சு குழலில் நாம் பானத்தை மேலே இழுக்கிறோம் என்று சொல்கிறோம். வாயுத் துகளால் எதையும் இழுக்க முடியாது. அதற்கு மோதி உதைக்க மட்டுமே தெரியும். வாய்க்குள் காற்று குறையும்போது குழலுக்குள் உதை குறைகிறது. வெளியே குவளையில் பானத்தின் மேற்பரப்பில் விழும் உதைகள் குறையவில்லை. வெளிக் காற்றுதான் பானத்தை மேலே தள்ளுகிறது. பேச்சுவழக்கு எவ்வளவு காலமாக நம்மைத் தவறாக நினைக்க வைத்திருக்கிறது என்பது எனக்கு இதில்தான் முதலில் உறைத்தது.

சரி, சூடு என்றால் என்ன? துகள்களின் சராசரி இயக்க ஆற்றலுக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல்தான் வெப்பநிலை. சராசரி என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே அறையில் உள்ள காற்றில் சில மூலக்கூறுகள் மெதுவாகப் போகும், சில அசுர வேகத்தில் போகும், மோதல்களால் வேகங்கள் ஓயாமல் கைமாறும். எந்த வேகத்தில் எத்தனை பேர் என்ற கணக்கை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1860-இல் தந்தார். அறை வெப்பநிலையில் ஆக்ஸிஜன் மூலக்கூறின் வேகம் விநாடிக்குச் சுமார் 480 மீட்டர். அதே வெப்பநிலையில் ஹைட்ரஜன் மூலக்கூறு கிட்டத்தட்ட 4 மடங்கு வேகத்தில், விநாடிக்கு 1,900 மீட்டர் ஓடும். அதன் நிறை 16-இல் ஒரு பங்கு. ஆற்றல் சமமாக இருக்க வேண்டுமானால் வேகம் கூடித்தான் ஆக வேண்டும். நிலாவின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்க விநாடிக்கு 2,400 மீட்டர் போதும். சராசரி வேகமே இவ்வளவு கிட்ட வந்துவிட்டால், சராசரியைத் தாண்டி ஓடும் துகள்கள் ஒவ்வொன்றாகத் தப்பிப் போய்க்கொண்டே இருக்கும். நிலாவில் ஏன் ஹைட்ரஜன் தங்கவில்லை என்பதற்கான பதில் இதற்குள் இருக்கிறது. பூமியிலிருந்து தப்பிக்க விநாடிக்கு 11,200 மீட்டர் வேண்டும். ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் இங்கே தங்கிவிட்டன, ஹைட்ரஜன் வாயுவும் ஹீலியமும் மெல்ல மெல்ல நழுவுகின்றன.

மணம் ஏன் தாமதமாக வருகிறது

துகள்களின் வேகம் இவ்வளவு என்று 1857-இல் ருடால்ஃப் கிளாசியஸ் எழுதியதும் ஓர் எதிர்க்கேள்வி வந்தது. டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் கேட்டார்: மூலக்கூறுகள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுகின்றன என்றால், அறையின் ஒரு மூலையில் எழும் மணம் அடுத்த மூலைக்கு உடனே வந்து சேர வேண்டாமா? ஏன் இவ்வளவு நேரமாகிறது? நேர்மையான, மிக நல்ல கேள்வி. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடமும் இதுதான், ஏனென்றால் இந்த எதிர்ப்புதான் கொள்கையை முழுமையாக்கியது.

கிளாசியஸ் 1858-இல் பதில் சொன்னார். மூலக்கூறு ஓடுகிறது, ஆனால் நேராக ஓட வழி கிடைப்பதில்லை. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு சுமார் 70 நானோமீட்டர் (1 நானோமீட்டர் என்பது 1 மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) போவதற்குள் இன்னொன்றின் மேல் மோதித் திசை மாறிவிடுகிறது. அது மூலக்கூறின் அளவைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு தூரம்தான். ஒரு விநாடிக்கு 700 கோடி மோதல்கள். ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது. முன்னால் போன தூரத்தில் பெரும்பகுதியைப் பின்னால் வந்தே தொலைத்துவிடுகிறது. இந்தத் தடுமாற்றத்தால் துகள்கள் தாமாகவே பரவுவதைத்தான் விரவல் என்கிறோம்.

இப்படித் தட்டுத் தடுமாறிப் போவதற்கு ஒரு கணக்கு உண்டு. தூரம் 10 மடங்கானால் நேரம் 10 மடங்காகாது, 100 மடங்காகும். தண்ணீரில் கரைந்த ஒரு சிறிய மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அசையாத தண்ணீரில் 1 மில்லிமீட்டர் விலகிப்போக அதற்குச் சுமார் 8 நிமிடம் ஆகும். 1 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். 10 சென்டிமீட்டருக்கு இரண்டு மாதம்! காற்றில் இது பல ஆயிரம் மடங்கு வேகமாக நடந்தாலும் 1 மீட்டரைக் கடக்கவே பல மணி நேரம், 5 மீட்டருக்கு நாள்கணக்கு. அறைக்குள் மணம் ஓரிரு நிமிடத்தில் வந்துவிடுகிறது என்றால் அதைக் கொண்டுவருவது காற்றின் ஓட்டம். விரவலுக்கு எடுத்துக்காட்டாக வாசனைத் திரவியம் பரவுவதைப் பல பாடங்களில் தருகிறார்கள். அது பாதி உண்மைதான். குப்பியிலிருந்து துகள்கள் தாமாகப் புறப்படுவது துகள் கொள்கை. அவை அறையைக் கடப்பது பெரும்பாலும் மின்விசிறியும் நடமாட்டமும் செய்யும் வேலை.

இதே கணக்கைச் சிறிய தூரத்துக்குத் திருப்பிப் பாருங்கள். 1 சென்டிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கான 10 மைக்ரோமீட்டரைக் கடக்க விரவலுக்கு ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குகூடப் போதும். நம் உடல் செல்கள் பலவற்றின் அகலம் அவ்வளவுதான். செல்லுக்குள் நுழைந்த ஆக்ஸிஜனையும் சர்க்கரையையும் அதன் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்க்கத் தனியாக எந்த ஏற்பாடும் தேவையில்லை. துகள்களின் தடுமாற்றமே அதைச் செய்துவிடும். முழு உடலுக்கு அது போதாது. அதனால்தான் இதயமும் இரத்த ஓட்டமும் வேண்டியிருக்கின்றன. உடலின் பெரும்பாலான திசுக்களில் எந்த செல்லும் ஒரு நுண்குழாயிலிருந்து 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதில்லை. நம் உடம்பின் அமைப்பில் விரவலின் இருபடிக் கணக்கு பொறிக்கப்பட்டிருக்கிறது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

சூடு கொடுத்தும் சூடாகாத நேரம்

பனிக்கட்டியைச் சூடாக்கிக்கொண்டே வெப்பமானியைப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். 0 டிகிரியை எட்டியதும் முள் நின்றுவிடும். கீழே நெருப்பு எரிகிறது, வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, கடைசித் துண்டு உருகும்வரை வெப்பநிலை ஏறாது. உள்ளே போன வெப்பம் துகள்களின் வேகத்தைக் கூட்டுவதற்குச் செலவாகவில்லை; பிடிப்பைத் தளர்த்துவதற்குச் செலவாகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போவதால் இதை உள்ளுறை வெப்பம் என்றார்கள். 1 கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் வேண்டும். அந்த நீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 418 ஜூல். அதை முழுவதும் ஆவியாக்க 2,260 ஜூல். கடைசி எண் ஏன் அவ்வளவு பெரிது? உருகும்போது பிடிப்பு கொஞ்சம் தளர்ந்தால் போதும். ஆவியாகும்போது ஒவ்வொரு மூலக்கூறையும் மற்ற எல்லாவற்றின் பிடியிலிருந்தும் முழுக்கப் பிரித்தெடுக்க வேண்டும். நீராவி பட்ட புண், அதே வெப்பநிலைக் கொதிநீர் பட்ட புண்ணைவிட மோசமாக இருப்பதும் இதனால்தான்: ஆவி தோலில் பட்டு நீராகும்போது அந்த 2,260 ஜூலும் நம் தோலில் இறங்குகிறது.

கொதிக்கும் தண்ணீரில் எழும் பெரிய குமிழ்களுக்குள் காற்று இருக்கிறது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது காற்று இல்லை, நீராவி. குமிழுக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகள் வெளியே தள்ளும் வேகம், மேலிருந்து அமுக்கும் காற்றழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும்போதுதான் குமிழ் உயிரோடு இருக்கும். அந்த வெப்பநிலையே கொதிநிலை. எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே தண்ணீர் 70 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும்.

கொதிக்காமலேயே ஈரத்துணி காய்கிறதே, அது எப்படி? இங்கே மறுபடியும் சராசரி என்ற சொல்லிடம் வர வேண்டும். குளிர்ந்த நீரிலும் சராசரியைவிடப் பலமடங்கு ஆற்றலோடு இருக்கும் மூலக்கூறுகள் சில எப்போதும் உண்டு. அவை மேற்பரப்புக்கு வந்தால் பிடியை அறுத்துக்கொண்டு போய்விடும். வேகமானவை போய்விட்டதால் மிச்சமிருப்பவற்றின் சராசரி குறைகிறது, அதாவது நீர் குளிர்கிறது. வியர்வை உடலைக் குளிர்விப்பது இப்படித்தான். 1995-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ருபிடியம் அணுக்களை ஒரு கெல்வினின் கோடியில் சில பங்கு வெப்பநிலைக்குக் குளிர்வித்தார்கள் (கெல்வின் என்பது மைனஸ் 273.15 டிகிரியைச் சுழியமாக வைத்து எண்ணும் அளவு). அவர்கள் கடைசிக் கட்டத்தில் செய்ததும் இதேதான்: காந்தப் பொறியில் பிடித்து வைத்த அணுக்களில் வேகமானவற்றை மட்டும் தப்பவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

விரிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1 மீட்டர் எஃகுக் கம்பி ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.012 மில்லிமீட்டர் நீள்கிறது. அணு பெருக்கவில்லை. அண்டையில் இருக்கும் இரண்டு அணுக்களை நெருக்குவது கடினம், விலக்குவது அதைவிட எளிது. ஆகவே அதிர்வு பெரிதாகும்போது அவை நெருங்குவதைவிட அதிகமாக விலகுகின்றன, சராசரி இடைவெளி கூடுகிறது.

தண்ணீர் மட்டும் இந்த எளிய கதைக்கு அடங்காது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் குறிப்பிட்ட திசைகளில் நான்கு அண்டைகளோடு மட்டுமே கைகோர்க்கிறது. அதனால் நடுவே காலி இடங்கள் விழுகின்றன. உருகும்போது அந்தக் கூடு சரிந்து மூலக்கூறுகள் இன்னும் நெருங்குகின்றன. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருப்பதும், பனிக்கட்டி மிதப்பதும், 4 டிகிரியில் தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பதும் இந்தக் கூட்டால்தான். துகள்களை வெறும் உருண்டைகளாக நினைத்தால் இங்கே மாட்டிக்கொள்வோம். அவற்றுக்கு வடிவம் உண்டு, பிடித்துக்கொள்ளத் திசை உண்டு. 50 மில்லிலிட்டர் தண்ணீரையும் 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் கலந்தால் 100 வராமல் 96, 97 வாக்கில் நிற்பதும் அதே காரணத்தால். கலந்த பிறகு இரு வகைத் துகள்களும் முன்பைவிட நெருக்கமாக அமர்ந்துகொள்கின்றன.

நம்பாதவர்களும் கடைசியில் நம்பியதும்

இவ்வளவையும் விளக்கிய ஒரு கொள்கையை 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெரிய அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை என்பதை இன்று நம்பவே கஷ்டமாக இருக்கும். ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பம்பாயில் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வெப்பநிலை துகள்களின் இயக்க ஆற்றல்தான் என்று காட்டும் கட்டுரையை 1845-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். மதிப்பிட்டவர்களில் ஒருவர் அதை வெறும் பிதற்றல் என்று ஒதுக்கினார். கட்டுரை அலமாரியில் கிடந்தது, வாட்டர்ஸ்டன் 1883-இல் இறந்தும் போனார். அதன்பிறகு ராலே பிரபு அதைத் தேடியெடுத்து 1892-இல் அச்சிட வைத்தார். அதற்குள் அதே முடிவுகளைக் கிளாசியஸும் மேக்ஸ்வெல்லும் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்கள். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் போன்றவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: யாரும் பார்க்காத ஒன்றை ஏன் உண்மை என்று ஏற்க வேண்டும்?

ஆதாரம் உண்மையில் வெகுகாலமாக நுண்ணோக்கியின் அடியிலேயே கிடந்தது. 1827-இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன், மகரந்தத்துக்கு உள்ளிருந்து வந்த மிக நுண்ணிய துணுக்குகள் தண்ணீரில் ஓயாமல் துடிப்பதைப் பார்த்தார். மகரந்த மணியே ஆடியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அப்படி ஆடுவதற்கு அது மிகவும் பெரியது. உயிருள்ள பொருள் என்பதால்தான் துடிக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, அவர் கண்ணாடித் தூளையும் கல் தூளையும் போட்டுப் பார்த்தார். அவையும் துடித்தன. காரணம் தெரியாமலே 78 ஆண்டுகள் போயின.

1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார். எல்லாப் பக்கமிருந்தும் நீர் மூலக்கூறுகள் துணுக்கை அடிக்கின்றன. துணுக்கு சிறியதாக இருந்தால் ஒரு பக்கத்து அடிகளும் மறுபக்கத்து அடிகளும் எந்தக் கணமும் சரியாக ஈடாவதில்லை, அதனால் அது இங்கும் அங்கும் தள்ளப்படுகிறது. 1 மைக்ரோமீட்டர் அளவுள்ள துணுக்கு ஒரு விநாடியில் சராசரியாக 0.8 மைக்ரோமீட்டர் விலகும், ஒரு நிமிடத்தில் 6 மைக்ரோமீட்டர் விலகும் என்றார். நேரம் 60 மடங்கு, தூரம் 8 மடங்குகூட இல்லை. மணம் பரவுவதில் பார்த்த அதே இருபடிக் கணக்கு.

பாரிஸில் ஜான் பெரான் இதைச் சோதித்துப் பார்த்தார். காம்போஜ் என்ற மஞ்சள் பிசினைச் சம அளவுள்ள நுண்மணிகளாகப் பிரித்தெடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒவ்வோர் உயரத்திலும் எத்தனை மணிகள் என்று பொறுமையாக எண்ணினார். மேலே போகப் போக மலைக்காற்று அடர்த்தி குறைவதைப்போல் மணிகளும் குறைந்தன. காற்று பாதியாக 5 கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும்; மணிகள் பாதியாக 30 மைக்ரோமீட்டர் போதுமாக இருந்தது. இந்த விகிதத்திலிருந்து ஒரு மூலக்கூறின் நிறையையும் அவகாட்ரோ எண்ணையும் (12 கிராம் கார்பனில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை) கணக்கிட முடிந்தது. துணுக்குகளின் தடுமாற்றத்திலிருந்து கணக்கிட்டாலும் ஏறக்குறைய அதே எண் வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வழிகள் எல்லாம் ஒரே எண்ணில் வந்து முடிந்தபோது, இல்லாத ஒன்றை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வது மிகக் கடினமாகிவிட்டது. 1909-இல் ஆஸ்ட்வால்ட் தன் எதிர்ப்பை வெளிப்படையாகக் கைவிட்டார். துகள்களுக்காக வாழ்நாள் முழுதும் வாதாடிய லுட்விக் போல்ட்ஸ்மன் அதைப் பார்க்க இல்லை. 1906-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். பெரானுக்கு 1926-இல் நோபல் பரிசு வந்தது.

துகளின் அளவை இன்னும் எளிதாகவே காட்ட முடியும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் கிளாபம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது அரை ஏக்கர் பரப்பில் பரவி அலைகளை அடக்கியது. 1774-இல் அச்சான அந்தக் குறிப்பில் அவர் ஒரு வகுத்தல் கணக்கை மட்டும் செய்யாமல் விட்டுவிட்டார். 5 மில்லிலிட்டரை 2,000 சதுர மீட்டரால் வகுத்தால் படலத்தின் தடிமன் சுமார் 2.5 நானோமீட்டர். அது ஓர் எண்ணெய் மூலக்கூறின் நீளத்தை ஒட்டி வரும் எண்.

எளிய கொள்கைக்கு எட்டாத இடங்களும் உண்டு. கீல் என்ற தார் போன்ற கரிய பொருள் கையில் கல்லைப்போல் இருக்கும், சுத்தியலால் தட்டினால் உடையும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் ஒரு புனலில் ஊற்றி வைத்த கீல் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது; 2014 வரை விழுந்தவை 9 சொட்டுகள். தண்ணீரைவிட ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு பிசுக்கு அதற்கு. நம் பொறுமைக்கு அது திண்மம், அதன் துகள்களைக் கேட்டால் திரவம். மூன்று கட்டப் படத்தில் அதை எங்கே வைப்பது?

குளிரின் பக்கம் போனாலும் ஓர் எல்லை வருகிறது. வெப்பநிலை என்பது ஓட்டத்தின் அளவு என்றால், மைனஸ் 273.15 டிகிரியில் ஓட்டம் எல்லாம் அடங்கி, எந்தப் பொருளும் திண்மமாகிவிட வேண்டும். 1908-இல் ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கிய ஹைக் கமர்லிங் ஓனஸ், நெதர்லாந்தின் லைடன் நகரில் அதை இன்னும் இன்னும் குளிர்வித்து உறைய வைக்க முயன்றார். கிட்டத்தட்ட 1 கெல்வின்வரை இறங்கியும் அது உறையவில்லை. ஹீலியம் அணுக்களுக்கு இடையே பிடிப்பு மிகமிகக் குறைவு. அதோடு, குவாண்டம் விதிகளின்படி ஒரு துகளை ஒரே இடத்தில் அடைத்து அசையாமல் நிறுத்த எந்தக் குளிராலும் முடியாது. மிச்சமிருக்கும் அந்தச் சிறு அசைவே ஹீலியத்தைத் திரவமாக வைத்திருக்கப் போதும். ஓனஸ் 1926 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு அதே ஆய்வகத்தில் வில்லம் கீசம் ஹீலியத்தைத் திண்மமாக்கினார். குளிரோடு நிறுத்தாமல் அவர் அதை அமுக்கவும் செய்தார். எவ்வளவு குளிர்வித்தாலும், காற்றழுத்தத்தைப்போல் 25 மடங்கு அழுத்தமாவது கொடுத்தால்தான் அந்த அணுக்கள் ஓரிடத்தில் நிற்கின்றன. நின்றபிறகும் அதிர்கின்றன.